காற்றை உண்ணும் உலோகம்

மாணவ நண்பர்களே! மழையில் நனைந்த அரிவாளைத் துடைக்காமல் இரண்டு நாள் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். துருப்பிடித்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் அதைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி வைப்பார்கள். துரு போய்விடும். அடியில் இருக்கும் இரும்பு பழையபடி பளபளக்கும். இதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆக்சிஜனால் இரும்புக்கு வரும் கேடு பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. மேலே இருப்பதைச் சுரண்டினால் உள்ளே நல்ல இரும்பு கிடைக்கிறது.

இனி வேறோர் உலோகத்தைப் பார்ப்போம். அதன் பெயர் டைட்டானியம். கடல் நீரில் ஆண்டுக் கணக்கில் கிடந்தாலும் அது துருப்பிடிப்பதில்லை. உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் தகடுகளும் திருகுகளும் அதனால் செய்யப்பட்டு மனித உடலுக்குள்ளேயே வைக்கப்படுகின்றன. எஃகை விடக் குறைந்த எடை, எஃகுக்கு ஈடான வலிமை. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.9 கிராம் எடையுள்ளது, டைட்டானியமோ 4.5 கிராம்தான்.

கடலுக்கும் உப்புக்கும் அஞ்சாத இந்த உலோகத்தை உலையில் இட்டுச் சூடாக்க வேண்டும் என்றால் மட்டும் தொழிற்சாலையில் பெரிய ஏற்பாடுகள் நடக்கின்றன. காற்றை வெளியேற்றுகிறார்கள். ஆர்கான் வாயுவை நிரப்புகிறார்கள். பாளத்தின் மேல் கண்ணாடிக் குழம்பைப் பூசுகிறார்கள். சூடான டைட்டானியத்தின் மேல் சாதாரணக் காற்று பட்டுவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம்!

குளிர்ந்திருக்கும்போது எதற்கும் அஞ்சாத உலோகம், சூடானதும் காற்றுக்கு அஞ்சுவது ஏன்? என் வகுப்பு மாணவர்களிடம் நான் கேட்கும் இந்தக் கேள்வியை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

கருமணலில் கிடைத்த தனிமம்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வாழ்ந்த வில்லியம் கிரிகர் என்ற பாதிரியார், 1791-இல் ஓர் ஓடைக்கரையில் கிடைத்த கருமணலை ஆராய்ந்து, அதில் புதியதொரு தனிமம் இருப்பதைக் கண்டார். 1795-இல் ஜெர்மானிய வேதியியலார் கிளாப்ராத் அதே தனிமத்தை வேறொரு கனிமத்தில் கண்டு, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரால் டைட்டானியம் என்று பெயரிட்டார்.

இந்தக் கருமணலைத் தேடி நீங்கள் கார்ன்வாலுக்குப் போக வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனால் போதும். அங்கே மணலோடு கலந்து கருநிறத்தில் மின்னும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமமேயாகும்.

தனிமத்தைக் கண்டுபிடித்தாயிற்று, தூய உலோகத்தைப் பிரித்தெடுக்க எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? 119 ஆண்டுகள்! 1910-இல்தான் அமெரிக்காவில் ஹன்ட்டர் என்பவர் 99.9 விழுக்காடு தூய டைட்டானியத்தைப் பெற்றார். அதற்கு முன் முயன்றவர்களுக்குக் கிடைத்தவை நொறுங்கும் கட்டிகளே. அவற்றில் ஆக்சிஜனோ, நைட்ரஜனோ, கார்பனோ ஒட்டிக்கொண்டிருந்தது. டைட்டானியத்தின் வரலாறு முழுவதுமே காற்றை விலக்கி நிறுத்தும் போராட்டத்தின் வரலாறுதான்.

மேலே ஒரு மெல்லிய கவசம்

முதலில் டைட்டானியம் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று பார்ப்போம். அதற்கு ஆக்சிஜன் மேல் ஆசையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உண்மை நேர்மாறானது. புதிதாக வெட்டிய டைட்டானியப் பரப்பு காற்றுப் பட்டதுமே ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. நொடிப்பொழுதில் அதன்மேல் டைட்டானியம் டைஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிவிடும்.

இந்தப் படலத்தின் கனம் சில நானோமீட்டர்கள்தாம். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் பருமனுக்கு இப்படிப்பட்ட படலங்களை ஆயிரக்கணக்கில் அடுக்க வேண்டும். இத்தனை மெல்லியதாக இருந்தாலும், படலம் இடைவெளியின்றி உலோகத்தோடு இறுகப் பிடித்திருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் ஆக்சிஜன் அணுக்களால் அதைக் கடந்து உள்ளே செல்ல முடிவதில்லை. கீறல் விழுந்தால், கீறிய இடத்தில் புதிய படலம் தானே உண்டாகிவிடுகிறது.

ஆகவே, டைட்டானியத்தைக் குளிர்ந்த நிலையில் காப்பது ஆக்சிஜனேற்றமேதான்! முதல் அடுக்கு ஆக்சிஜன், அடுத்து வரும் ஆக்சிஜனைத் தடுத்து நிறுத்துகிறது.

வண்ணம் சொல்லும் செய்தி

சூடு ஏற ஏற இந்தக் கவசம் தளர்கிறது. ஆக்சிஜன் மெல்ல ஊடுருவுகிறது, படலம் தடிக்கிறது. அப்போது ஓர் அழகிய காட்சியைக் காணலாம். வெள்ளியைப் போலிருந்த உலோகம் முதலில் வைக்கோல் நிறம் கொள்கிறது, பிறகு ஊதா, பிறகு நீலம். இன்னும் சூடேற்றினால் வண்ணங்கள் மங்கி, சாம்பல் நிறமும் வெண்ணிறப் பொடியும் தோன்றுகின்றன.

டைட்டானியம் டைஆக்சைடு உண்மையில் வெண்மையானது. வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெண்மை தருவதும் அதுதான். பின் இந்த வண்ணங்கள் எங்கிருந்து வந்தன? சோப்புக் குமிழியிலும், மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயிலும் நீங்கள் பார்க்கும் அதே குறுக்கீட்டு விளைவுதான் காரணம். படலத்தின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் ஒளியும், அடியில் உலோகத்தில் பட்டு எதிரொளிக்கும் ஒளியும் ஒன்று சேர்கின்றன. இரண்டாவது கதிர் படலத்துக்குள் போய்வரும் கூடுதல் தூரத்தால் பின்தங்குகிறது. எந்த அலைநீளத்துக்கு அந்தப் பின்தங்கல் அரை அலையாக அமைகிறதோ, அந்த நிறம் அழிந்துபோகும். மிஞ்சியதைத்தான் கண் காண்கிறது.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளிவிலகல் எண் 2.5 என்று கொண்டால், 40 நானோமீட்டர் படலத்தில் போய்வரும் ஒளிப்பாதை 2 × 2.5 × 40 = 200 நானோமீட்டர். 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதாவுக்கு இது அரை அலை. ஊதா அழிந்தால் மிஞ்சுவது மஞ்சள் சாயல். படலம் 60 நானோமீட்டர் ஆனால் 600 நானோமீட்டர் ஒளி அழியும். அதாவது ஆரஞ்சு அழிந்து நீலம் ஓங்கும். உலோகப் பரப்பில் ஏற்படும் கட்ட மாற்றத்தையும் சேர்த்தால் எண்கள் சற்று மாறும். ஆனால் வண்ணங்களின் வரிசை இதுதான்.

இதே காட்சியை எஃகிலும் காணலாம். பழைய சவர பிளேடு ஒன்றைக் குறடால் பிடித்து, ஒரு முனையை மட்டும் சாராய விளக்கில் சூடாக்குங்கள். ஆசிரியரோ பெற்றோரோ அருகில் இருக்கட்டும். வைக்கோல், ஊதா, நீலம் என்ற பட்டைகள் சுடரிலிருந்து விலகி நகர்ந்து செல்வதைக் காண்பீர்கள்.

டைட்டானியத்தைப் பற்றவைக்கும் தொழிலாளி இந்த வண்ணங்களைப் படிக்கத் தெரிந்தவர். பற்றவைத்த இடம் வெள்ளியாக இருந்தால் மகிழ்ச்சி. வெளிர் வைக்கோல் நிறம் என்றால் பெரும்பாலும் ஏற்பார்கள். நீலம் கண்டால் சந்தேகம். சாம்பலும் வெண்பொடியும் கண்டால் அந்த இணைப்பையே வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

'வெட்டி எறிவது ஏன்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போகாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நிறம் போய்விடும், கேடு போகாது. அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

மாங்காயில் ஏறும் உப்பு

மாங்காயின் மேல் தூசி படிந்தால் கழுவிவிடலாம். அதே மாங்காயை உப்பு நீரில் ஊறப் போட்டால்? உப்பு சதைக்குள் ஏறிவிடுகிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே ஏறிய உப்பு போகாது.

இரும்பின் மேல் துரு, மாங்காயின் மேல் தூசி. சூடான டைட்டானியத்தில் ஆக்சிஜன், மாங்காய்க்குள் உப்பு. டைட்டானியப் படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள சந்துகளில் ஆக்சிஜன் அணுக்கள் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆக்சைடாக மாறாமலேயே நூறு அணுக்களில் 33 அணுக்கள் வரை ஆக்சிஜன் கரைந்திருக்க இடமுண்டு! திண்ம உலோகம் ஒன்று வாயுவை இந்த அளவுக்கு விழுங்குவது மிக அரிது.

விழுங்கினால் என்ன? சந்தில் புகுந்த ஆக்சிஜன் அணு, படிக அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்கிறது. அடுக்குகள் வழுக்கினால்தான் உலோகம் வளையும். வழுக்க முடியாத உலோகம் கடினமாகிறது. அளவு மிஞ்சினால் கண்ணாடியைப்போல் நொறுங்குகிறது. மிக மென்மையான வணிகத் தர டைட்டானியத்தில் ஆக்சிஜன் 0.18 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. 0.40 விழுக்காடு வரை ஆக்சிஜன் உள்ள தரத்தின் வலிமை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் வளைந்து கொடுக்கும் தன்மை குறைவு. நூற்றில் கால் பங்கு வேறுபாட்டுக்கே இத்தனை மாற்றம்! கடுகு சிறுத்தாலும் காரம் போகாது அல்லவா?

உலையில் திறந்தபடி சூடான பாளத்தின் மேற்பகுதியில் இவ்வாறு ஆக்சிஜன் ஏறிய கடினமான ஓடு உண்டாகிறது. இதை 'ஆல்ஃபா ஓடு' என்பார்கள். பாளத்தை வளைத்தால் இந்த ஓட்டில் முதல் விரிசல் விழும். அந்த விரிசல் உள்ளே உள்ள நல்ல உலோகத்துக்குள்ளும் பரவும்.

ஓடு எவ்வளவு ஆழம் வளரும்? விரவல் விதி ஒன்று உண்டு. ஆழம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். ஒரு மணி நேரத்தில் ஒரு பங்கு ஆழம் என்றால், நான்கு மணி நேரத்தில் இரண்டு பங்கு. ஒன்பது மணி நேரத்தில் மூன்று பங்கு. வெப்பநிலையின் விளைவோ இதைவிடக் கடுமையானது. சற்றே சூடு கூடினாலும் விரவல் பன்மடங்கு விரைவாகிறது. ஆகவே முதல் பாதுகாப்பு செலவில்லாதது: தேவைக்கு மேல் சூடாக்காதே, தேவைக்கு மேல் உலையில் வைக்காதே!

கொல்லரின் வழி செல்லாது

காற்றைத் தடுக்க மனிதன் பழகிய வழிகள் பல உண்டு. இரும்பைக் கொல்லர் கரிக்குள் புதைத்துச் சூடாக்குகிறார். கரி ஆக்சிஜனை உண்டுவிடுகிறது. ஆனால் டைட்டானியம் கார்பனோடும் சேர்ந்து கார்பைடு ஆகிவிடும்.

சில உலோகங்களுக்கு ஹைட்ரஜன் நிரப்பிய உலை உதவுகிறது. டைட்டானியமோ ஹைட்ரஜனைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சுகிறது. ஹைட்ரஜன் அணு சிறியது. மேற்பரப்போடு நிற்காமல் பாளம் முழுவதும் பரவி அதை நொறுங்கச் செய்யும்.

நைட்ரஜன்? மின்விளக்குக் குமிழிலும் உணவுப் பொட்டலங்களிலும் அதை மந்த வாயுபோல் நிரப்புகிறோமே! இங்கேதான் வியப்பு. தூய நைட்ரஜனிலும் எரியக்கூடிய மிகச் சில தனிமங்களில் டைட்டானியமும் ஒன்று. சுமார் 800° செ. வெப்பத்தில் அது நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடு ஆகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். ஏறத்தாழ மீதி நான்கு பங்கும் நைட்ரஜன். இரண்டுமே பகை என்றால் காற்று முழுவதுமே பகைதான்.

மூன்று காவல்கள்

எஞ்சிய வழிகள் மூன்று.

முதலாவது, ஆர்கான். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக உள்ள இந்த மந்த வாயு எதனோடும் சேராது. லக்ஸம்பர்க் நாட்டவரான வில்லியம் குரோல் 1930-களில் உருவாக்கிய முறையில், டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தை ஆர்கான் நிரம்பிய எஃகுக் கலத்தில் உருகிய மக்னீசியத்தோடு வினைபுரியச் செய்கிறார்கள். துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற டைட்டானியம் கிடைக்கிறது. பற்றவைக்கும் இடத்திலும் ஆர்கானே காவல். சுடர் நகர்ந்து சென்ற பின்னும், இணைப்பு சுமார் 400° செ.க்குக் கீழே ஆறும் வரை பின்னாலேயே ஆர்கான் போர்வை இழுபட்டு வர வேண்டும்; இணைப்பின் அடிப்பக்கத்திலும் ஆர்கான் வேண்டும்.

இரண்டாவது, வெற்றிடம். பஞ்சு டைட்டானியத்தை உருக்கிப் பாளமாக்க 1668° செ. தேவை. அந்த நிலையில் அதை எந்த மூசையில் வைப்பது? களிமண் மூசையிலிருந்துகூட அது ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே வெற்றிடத்தில், மின்வில்லின் வெப்பத்தில், தாமிர மூசையில் உருக்குகிறார்கள். தாமிரம் 1085° செ.யிலேயே உருகிவிடுமே என்பீர்கள். மூசையின் புறத்தே குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூசையைத் தொட்ட டைட்டானியம் உடனே உறைந்து ஓர் ஓடாகிவிடுகிறது. உருகிய டைட்டானியம் தன் ஓட்டிலேயே தங்குகிறது!

வெற்றிடம் என்றாலும் முழு வெறுமை அல்ல. பாதரச அளவில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அழுத்தம் என்று கொள்வோம். அப்போதும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 30 லட்சம் கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கும். ஆகவே உலையில் கசிவு சிறிதும் கூடாது.

மூன்றாவது, கண்ணாடி. பெரிய பாளங்களைச் சம்மட்டி எந்திரத்தில் அடித்து உருவாக்க 900° செ.க்கு மேல் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு பாளத்துக்கும் வெற்றிட உலை என்றால் கட்டுபடியாகாது. எனவே கண்ணாடிப் பொடி கலந்த குழம்பைப் பாளத்தின் மேல் பூசி உலர்த்துகிறார்கள். உலையில் அது இளகி, பாளத்தைச் சுற்றி ஒரு தோலாகிறது. சம்மட்டி விழும்போது மசகாகவும் பயன்படுகிறது. இது முழுக் காவல் அல்ல. ஓட்டின் ஆழத்தைக் குறைக்கும், அவ்வளவே. மிஞ்சிய ஓட்டைக் கடைந்தோ, நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் கலந்த கரைசலில் கரைத்தோ நீக்குகிறார்கள். அதற்காகவே பாளத்தை முதலிலேயே சற்றுப் பெரிதாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

எண்ணெயோ வாயுவோ எரியும் உலையாக இருந்தால், வேண்டுமென்றே காற்றைச் சற்று அதிகமாக விடுவார்கள்! ஏன் தெரியுமா? காற்றுப் போதாமல் எரிந்தால் ஹைட்ரஜன் மிஞ்சும். ஆக்சிஜன் தோலில் தங்கும், கடைந்து எடுக்கலாம். உடல் முழுவதும் பரவிய ஹைட்ரஜனை வெற்றிடத்தில் மீண்டும் சூடாக்கித்தான் நீக்க முடியும். இரண்டு பகைகளில் சிறியதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு துகள் தந்த பாடம்

இத்தனை கவனமும் வெறும் தொழிற்சாலைச் சிக்கனத்துக்காக அல்ல.

1989 ஜூலை 19. அமெரிக்காவில் டென்வர் நகரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 என்ற டி.சி.-10 விமானம் பறந்துகொண்டிருந்தது. புறப்பட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், வால் பகுதியில் இருந்த எஞ்சின் வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் விமானத்தின் மூன்று திரவ அழுத்த அமைப்புகளையும் அறுத்தன. திசைமாற்றும் பலகைகள் எதுவும் அசையவில்லை. விமானி ஆல்ஃபிரட் ஹேன்ஸும் துணைவர்களும் எஞ்சிய இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் 44 நிமிடங்கள் விமானத்தை வானில் நிறுத்தி, சூ சிட்டி நிலையத்தில் இறக்க முயன்றனர். தரையில் மோதி விமானம் உடைந்து எரிந்தது. 184 பேர் பிழைத்தனர். 112 பேர் மாண்டனர்.

எஞ்சினின் முன்பக்க விசிறியைத் தாங்கிய வட்டு மூன்று மாதங்களுக்குப் பின், சோளம் அறுவடையானபோது வயலில் கிடைத்தது. சுமார் 80 சென்டிமீட்டர் விட்டமும் 168 கிலோகிராம் எடையும் கொண்ட டைட்டானியக் கலவை வட்டு அது. விரிசல் தொடங்கிய இடத்தில் ஒரு சிறு குழி இருந்தது. அகலம் சுமார் 1.4 மில்லிமீட்டர், ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதைச் சுற்றிய உலோகத்தில் நைட்ரஜன் மிகுந்திருந்தது.

1971-இல் அந்தப் பாளத்தை உருக்கியபோது, நைட்ரஜன் ஏறிக் கடினமான ஒரு துகள் அதில் தங்கிவிட்டது. டைட்டானியம் நைட்ரைடு உருக 2900° செ.க்கு மேல் வேண்டும். ஆகவே டைட்டானியம் உருகும் வெப்பத்தில் அத்தகைய துகள் எளிதில் கரைவதில்லை. பாயசத்தில் கரையாத கல்போல் அது பாளத்திலேயே இருந்துவிட்டது. ஒவ்வொரு முறை எஞ்சின் சுழன்று ஓய்ந்தபோதும், அங்கிருந்து விரிசல் நூலிழை நூலிழையாக வளர்ந்தது. சுமார் 15,500 பறப்புகள் தாங்கிய வட்டு, அன்று தாங்கவில்லை. 1988-இல் நடந்த சோதனையில் விரிசல் கண்டுபிடிக்கக்கூடிய அளவில் இருந்தும் தவறவிடப்பட்டது என்று விசாரணை அறிக்கை கூறியது.

அந்தப் பாளம் இரண்டு முறை உருக்கப்பட்டது. விமான எஞ்சின்களின் சுழலும் பாகங்களுக்கு மூன்று முறை வெற்றிடத்தில் உருக்கும் முறை அதன் பின் வழக்கத்துக்கு வந்தது. குளிர்ந்த தாமிரத் தொட்டியில் உருகிய உலோகத்தை மெல்ல ஓடவிட்டு, கடினத் துகள்கள் கரைவதற்கு நேரம் தரும் முறையும் வளர்ந்தது. மீயொலி கொண்டு பாளத்தின் உள்ளே ஆராயும் சோதனைகளும் கடுமையாக்கப்பட்டன.

நம் நாட்டிலும் இந்தக் கலை வேரூன்றியிருக்கிறது. ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கிய தொழில்நுட்பத்தில், கேரளத்துச் சவறாவில் 2011-இல் பஞ்சு டைட்டானியம் செய்யும் ஆலை தொடங்கப்பட்டது. அதற்கு நிதி உதவியது விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்.

நண்பர்களே! அடுத்த முறை மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால், ஒரு கைப்பிடிக் கருமணலை அள்ளிப் பாருங்கள். அதில் டைட்டானியமும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிப்பதற்கு மனிதனுக்கு 119 ஆண்டுகள் ஆயின. பிரித்த பின் மீண்டும் சேராமல் காப்பது, உருக்கும் ஒவ்வொரு பாளத்திலும், பற்றவைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை. ஆர்கான் குழாயின் திருகைச் சரியாக முடுக்கும் தொழிலாளியை நம்பி, முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோர் வானில் பறக்கிறார்கள்.

பளபளக்கும் சவர பிளேடில் நீலம் படர்வதைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.